இருட்டை எங்கே வைப்பது

நான் வேலை செய்யும் அறையில் இருக்கும் செடிகளுக்கு ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வெளிச்சம், ஆறு மணி நேரம் இருட்டு. அந்த ஆறு மணி நேரத்தைக் கடிகாரத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று ஒருநாள் கூட்டம் போட்டார்கள். என்னையும் மதித்துக் கேட்டார்கள். கேட்ட நேரத்தில் என் வாயில் கொழுக்கட்டை. அதனால் ஒரு குளிர்காலம் முழுக்க நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் செடி என்ன செடி என்று சொல்லிவிடுகிறேன். கஞ்சா. ஓம், அதேதான். டென்மார்க்கில் மருந்துக்காக அனுமதி எடுத்து வளர்க்கிறார்கள். இக்காஸ்ட் என்ற ஊருக்கு வெளியே, முன்பு துணி பின்னிய ஒரு பழைய கட்டடத்தில், ஜன்னல் இல்லாத அறைகளில் வளர்க்கிறோம். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு வேறு செருப்பு என்று ஆஸ்பத்திரிக்குள் போவது போலத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு இலை கணக்கில்லாமல் வெளியே போகாது. இதை இங்கே இருக்கும் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. ஒருமுறை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா கையில் தட்டோடு கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். “பிள்ளை, உமக்கு வேறை வேலை ஒண்டும் கிடைக்கேல்லையே?” என்று கேட்டார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் “செடி வைக்கிற இடம்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதனால் வேலையில் ஒரு மனக்கஷ்டம் வந்தால் சொல்லி ஆற ஆளில்லை. கஷ்டத்தைச் சொல்வதென்றால் வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும், வெளிச்சத்தைச் சொல்வதென்றால் செடியைச் சொல்ல வேண்டும். ஆருக்கு வேணும் இந்த வில்லங்கம்?

என்னுடையது வளர்கிற அறை. பூக்கிற அறைகள் வேறு. இந்தச் செடிக்குப் பகல் நீளமாக இருந்தால் கோடை நடக்கிறது என்று நினைத்து இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருக்கும். பகலும் இரவும் சமமானால், சரி, கோடை முடியப்போகிறது என்று பூக்கத் தொடங்கிவிடும். என் அறையில் இருக்கும் தாய்ச்செடிகளைப் பூக்க விடக் கூடாது. அவற்றிலிருந்து சின்னக் கிளைகளாக வெட்டி, வேர் பிடிக்க வைத்து, ஓரளவு வளர்ந்ததும் பூக்கிற அறைக்கு அனுப்புவதுதான் என் வேலை. அந்தத் தாய்ச்செடிகளுக்குக் கோடை முடிவதே இல்லை. வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே பளீரென்று வெயில். அந்த வெயிலில் காலையிலிருந்து தனியே நின்று வெட்டிக்கொண்டிருப்பேன். விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது.

இனி என் வீட்டுக்காரர். அவர் சமையலறை அலுமாரி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. நான் காலை வேலை. நான் வீட்டுக்கு வரும்போது அவர் போயிருப்பார். அவர் திரும்பி வரும்போது நான் படுத்திருப்பேன். நான் எழும்பிப் போகும்போது அவர் நித்திரை. மகள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எடுத்தோம். மகள் வளர்ந்து, படித்து, தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேயில் வீடு எடுத்துப் போன பிறகும் அது அப்படியே நின்றுவிட்டது. சனி ஞாயிறு இருக்கிறதே என்று கேட்பீர்கள். சனி ஞாயிறு எங்களுக்கா சொந்தம்? கலியாணவீடு, பெண்பிள்ளை பெரிசானால் சாமத்தியவீடு, கோயில், யாரோ ஒருவரின் அறுபதாவது பிறந்தநாள். மண்டபத்துக்குள் போனதும் அவர் ஆம்பிளையள் பக்கம், நான் பொம்பிளையள் பக்கம். போய் வரும் காரிலும் பின் இருக்கையில் யாராவது ஏறியிருப்பார்கள்.

பகல் வேலைக்கு மாற்றித் தாருங்கள் என்று அவர் கேட்டுவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். போன இலையுதிர் காலத்தில் ஒருவர் ஓய்வில் போக, இடம் வந்தது. நான் வேலையில் நிற்கும்போதே போன் எடுத்தார். அவர் வேலை நேரத்தில் எனக்குப் போன் எடுக்கிற மனிதர் இல்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப் போனேன்.

“இஞ்சேரும், கிடைச்சிட்டுது. அடுத்த மாசத்தில இருந்து பின்னேரம் நான் வீட்டை நிப்பன்.”

“உண்மையாவோ?”

“ஓம். நீர் வேலை முடிஞ்சு வர நான் வீட்டை இருப்பன்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கலியாணம் பேசி முடித்த நாட்களில்கூட எனக்கு அவ்வளவு ஆசை வரவில்லை. பின்னேரம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் முழித்திருப்போம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவர் ஒரு கதிரையில், நான் ஒரு கதிரையில், ஊர்ப் புதினம் கதைத்துக்கொண்டு இருந்தால் போதும். தாய்ச்செடி ஒவ்வொன்றிடமும் போய்ச் சொல்லவில்லையே தவிர, மற்றபடி அன்று முழுக்க எனக்குச் சிரித்த முகம்தான்.

அந்தக் கிழமையே கூட்டம் வைத்தார்கள். எங்கள் பொறுப்பாளர் எனக்கு மகனாக இருக்கக்கூடிய வயதுப் பொடியன். நல்லவன், படித்தவன், எதையும் எல்லோரிடமும் கேட்டுத்தான் செய்வான். என் அறையில் என்னோடு மாறி மாறி வேலை செய்கிற டெனிஷ்காரி ஒருத்தியும் இருந்தாள். அவளுக்கு ஏறக்குறைய என் வயது. மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம்.

பிரச்சினை இதுதான் என்று பொடியன் விளக்கினான். புதிதாக ஒரு பூக்கிற அறை திறக்கப்போகிறார்கள். அந்த அறைகளின் விளக்குகள் பகலில் எரிகின்றன. எங்கள் அறையின் விளக்குகளும் பகலில் எரிகின்றன, நள்ளிரவுக்குப் பிறகுதான் அணைகின்றன. பகலில் மற்ற இயந்திரங்களும் ஓடும் நேரத்தில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தால் கட்டடத்துக்கு வரும் மின்சாரம் தாங்காது. இருட்டே இல்லாமல் இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம் கொடுத்து வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது இந்த நிலைமைக்கு உதவாது, மின்சாரமும் வீண், செடிக்கும் ஓய்வில்லை என்றான். மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, இருட்டு இப்போது போல இரவிலேயே இருக்கட்டும், பகலில் எங்கள் விளக்குகளின் பிரகாசத்தைக் கொஞ்சம் குறைப்போம். செடி சற்று மெதுவாக வளரும், அவ்வளவுதான். மற்றது, இருட்டைத் தூக்கிப் பகலில் வைப்போம். காலை ஒன்பது மணிக்கு விளக்கு அணையும், பின்னேரம் மூன்று மணிக்கு எரியும். செடிக்கு இதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் இருட்டு அறையில் வேலை செய்ய முடியாதே. ஒருவர் பின்னேரம் வந்து இரவு வரை நிற்க வேண்டும், மற்றவர் காலையில் பூக்கிற அறைக்குப் போகலாம்.

முதலில் அவளைக் கேட்டான். அவள் ஒரு நொடி யோசிக்கவில்லை. “பின்னேரம் என்னால் முடியாது. என் நாயை வெளியே கூட்டிப் போக வேண்டும்” என்றாள். பொடியன் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான். “உனக்கு எப்படி?”

நான் சிரித்துக்கொண்டு, “எனக்கு எதுவும் பரவாயில்லை” என்றேன்.

ஏன் சொன்னேன்? எங்கள் வீடுகளில் யாராவது சோறு போடட்டோ என்று கேட்டால், பசி வயிற்றைப் பிடுங்கினாலும் “ஐயோ வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்” என்போம். கேட்டவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தட்டை எடுத்து வைப்பார். நாங்கள் இன்னொரு முறை வேண்டாம் என்போம். அவர் சோற்றைப் போட்டுவிடுவார். கேட்டதும் ஓம் என்று வாயைத் திறப்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. பொடியன் இன்னொரு முறை கேட்பான், “உண்மையாவோ, வீட்டில் கஷ்டம் இல்லையோ?” என்பான், அப்போது மெதுவாகச் சொல்லலாம் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவன் “ஃபீன்ட்” என்றான். நல்லது என்று அர்த்தம். கணினியில் இரண்டு தட்டுத் தட்டினான். கூட்டம் முடிந்தது.

அடுத்த மாதம் அவருக்குப் பகல் வேலை தொடங்கியது. அதே மாதம் எனக்குப் பின்னேர வேலை தொடங்கியது. நாய்க்குக் கிடைத்த பின்னேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “உம்மட்டை கேக்காமல் மாத்திப்போட்டாங்களோ?” என்று மட்டும் கேட்டார். “ஓம்” என்றேன். என்ன செய்வது, கேட்டார்கள், நான்தான் மரியாதை பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? “சரி விடும்” என்றார். எனக்கு அவர் கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

மார்கழி மாதத்தில் நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வெளியே மங்கத் தொடங்கிவிடும். அவருடைய தொழிற்சாலையிலிருந்து வரும் பாதையும் நான் போகும் பாதையும் ஒன்று. சில நாட்களில் எதிரே அவருடைய கார் வரும். என்னைக் கண்டதும் லைட்டை ஒருமுறை அடித்துக் காட்டுவார். நானும் அடிப்பேன். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு அறைக்குள் போய், வெயிலுக்குள் நின்று, கிளை வெட்டுவேன். பொழுதுபட்ட பிறகு செடியில் கைவைக்கக் கூடாது, அது நித்திரை கொள்ளும் என்று சொல்லி வளர்த்த கை இது. முதல் சில நாட்கள் கத்தரிக்கோலைப் பிடிக்கவே கை கூசியது. உங்களுக்கு இப்பதானே விடிஞ்சது, பரவாயில்லை என்று செடிகளுக்குச் சொல்லிச் சொல்லி வெட்டினேன். கதைக்க வேறு யார் இருந்தார்கள்? காலையில் வேலை செய்தபோதாவது சாப்பிடும் நேரத்தில் நாலு பேர் இருப்பார்கள். பின்னேரம் அந்தச் சாப்பாட்டு அறையில் நானும் குளிர்பெட்டியும்தான்.

வீட்டுக்கு வந்தால் குசினியில் சாப்பாடு மூடி இருக்கும். அவர் விடிய எழும்ப வேண்டியவர், வெள்ளனவே படுத்திருப்பார். கட்டில் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் அவரைப் பார்ப்பேன். எழுப்ப மனம் வராது. எழுப்பி என்ன சொல்வது? உங்களோடு கதைக்க ஆசையாக இருக்கிறது என்றா? இந்த வயதில் அதைச் சொன்னால் சுகமில்லையோ என்று நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் போனில் புலம்பினேன். நான் தமிழில் சொல்ல, அவள் வழக்கம் போல டெனிஷில் பதில் சொன்னாள். அந்த மனுசன் கேட்டபோது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு இப்போது அழுதால் அவனுக்கு எப்படித் தெரியும், நாளைக்கே போய்ச் சொல்லுங்கள் என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “எனக்குப் புத்தி சொல்ல வெளிக்கிட்டிட்டாய் என்ன?” என்று போனை வைத்துவிட்டேன். கோபம் வந்ததே அவள் சொன்னது சரி என்பதால்தான்.

அதன் பிறகும் நான் உடனே போகவில்லை. தை பிறந்தது, போனது. காரில் போகும்போதெல்லாம் டெனிஷில் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பேன். சொன்னதை மாற்றினால் என்ன நினைப்பான், எங்கள் சனத்தையே நம்ப முடியாது என்று நினைத்துவிடுவானோ என்று மண்டையைப் போட்டுக் குழப்புவேன். ஒருநாள் பாதையில் அவர் லைட் அடித்தார். நான் திருப்பி அடிக்க முதலே கார் கடந்து போய்விட்டது. அதற்கு அழுகை வந்தது பாருங்கள், ஓரமாக நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டுத்தான் ஓட்டினேன். போதும் இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். கட்டடத்துக்குள் நுழைந்ததும் தொப்பிகூடப் போடாமல் நேரே பொடியனிடம் போனேன்.

“எனக்குப் பின்னேரம் வேண்டாம். என் கணவர் பின்னேரம் வீட்டில் இருக்கிறார். எனக்கு அவரோடு இருக்க வேண்டும்.”

அவன் வாயைப் பிளந்தான். “ஆனால் நான் உன்னைக் கேட்டேனே?”

“நீ ஒருமுறைதான் கேட்டாய்.”

“எத்தனை முறை கேட்க வேண்டும்?”

“குறைந்தது மூன்று” என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டான். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னான். விளக்கைக் குறைப்போம், செடிகள் கொஞ்சம் மெதுவாக வளரட்டும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்ற கருத்தில் ஏதோ சொன்னான். அவ்வளவுதான். எனக்கு ஒரு குளிர்காலம் எடுத்த காரியம் அவனுக்கு ஒரு நிமிடம். இவ்வளவு லேசாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, விசர்க் கோபம்தான் வந்தது.

நேரத்தை மாற்றும்போது ஒரு கவனம் வேண்டும். இருட்டை நீட்டக் கூடாது. நீண்ட இரவு வந்துவிட்டது என்று செடி குழம்பிப் பூக்கப் பார்க்கும். வெளிச்சத்தைத்தான் நீட்ட வேண்டும். அதனால் மாற்றிய நாளில் காலை ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்காமல், நள்ளிரவு வரை எரிய விட்டோம். செடிகளுக்கு அப்படி ஒரு நெடும் பகல். அதற்கு அடுத்த நாள் நான் காலையில் வேலைக்குப் போய், பின்னேரம் மற்ற மனிதர்களைப் போல வீட்டுக்குக் கிளம்பினேன். மாசி முடிகிற நேரம். நான் காரை நிறுத்தியபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கதவடியில் அவருடைய சப்பாத்து. உள்ளே அவர் முழித்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்ததும், கதவைத் திறக்க முதல் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டேன்.

“வந்திட்டீரோ” என்றார். இருவரும் சிரித்தோம். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் ஒரு கதிரையில் இருந்தேன், அவர் ஒரு கதிரையில் இருந்தார். நான் ஆசைப்பட்டது அச்சொட்டாக நடந்தது.

“வேலை என்ன மாதிரி?” என்று கேட்டார்.

“பரவாயில்லை. உங்களுக்கு?”

“பரவாயில்லை.”

பிறகு அவர் தொலைக்காட்சியைப் போட்டார். படம் ஓடியது, சத்தம் இல்லை. கீழே எழுத்து ஓடியது. சேர்ட் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டு எழுத்தை வாசிக்கத் தொடங்கினார். நான் அந்தக் கண்ணாடியை அதற்கு முன் கண்டதில்லை.

“இது எப்ப?”

“எது?”

“கண்ணாடி.”

“இதோ? இது வாங்கி ரெண்டு வருசமாச்சு.” கழற்றிப் பார்த்தார், திரும்பப் போட்டார். “வெளியில போடுறேல்லை. கிழடு எண்டு பகிடி பண்ணுவாங்கள்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உமக்குத் தெரியும் எண்டு நினைச்சன்.”

எனக்கு எப்படித் தெரியும்? நித்திரை கொள்ளும் மனிதன் கண்ணாடி போடுவதில்லையே. நான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டு நின்ற முகம் கண் மூடிய முகம். கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கட்டின பெண்சாதிக்குத் தெரியாமல் ஒரு மனிதன் இரண்டு வருடம் கண்ணாடி போடுவானா என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் என் கோப்பையைப் பார்த்தார். “என்ன, குடிக்கேல்லை? ஆறப்போகுது.”

“சீனி போட்டிருக்கிறீங்கள்.”

“ஓம், ரெண்டு கரண்டி. நீர் அப்பிடித்தானே குடிக்கிறனீர்?”

“நான் சீனியை விட்டுக் கனகாலம்” என்றேன்.

அவர் கண்ணாடிக்குள்ளால் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. செடி அறையில் ஒருத்தியாய் நின்றபோதுகூட நான் இப்படித் தனியாக இருந்ததில்லை என்றுதான் தோன்றியது.

“பொறும், வேறை ஊத்தித் தாறன்” என்று எழும்பினார். கோப்பை தட்டில் முட்டிச் சத்தம் போடாமல் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினார். குசினிக் கதவின் பிடியைக் கிளிக் என்று கேட்காதபடி அழுத்திப் பிடித்துத் திறந்தார். பின்னேரம் நாலரை மணிக்கு, நித்திரை கொள்ள ஒருவரும் இல்லாத வீட்டில், யாரையும் எழுப்பிவிடாமல் நுனிக்காலில் நடந்து போனார்.